டெக்ஸாஸ்காரன் கால் பட்டால்

ஐந்தாவது மாடியில் அபாயச் சங்கு அலறியது.

யாரும் ஓடவில்லை. நெய்தல் டிஜிட்டல் நிறுவனத்தில் தீப்பிடித்தால் சங்கு அலறாது. போன வருடம் கேன்டீனில் பிடித்தபோது அலறவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் வருகிறார் என்றால் மட்டும் அலறும். மேனேஜர் சபேசன் அப்படி மாற்றி அமைத்திருந்தார். எது ஆபத்து என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

"எல்லாரும் வாங்க! ஒசாகாலேர்ந்து ஆள் வர்றாங்க. வியாழக்கிழமை. நம்ம ரெக்ஸைப் பாக்கறதுக்கு!"

கைதட்டல் எழுந்தது. தமயந்தி மட்டும் தட்டவில்லை. வலது முழங்காலில் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒசாகாவில் தயாராகும் கணினிச் சண்டை விளையாட்டு ஒன்று உண்டு. பெயர் ஹப்போ. எட்டுத் திசை என்று பொருள். வெவ்வேறு விளையாட்டுகளில் புகழ்பெற்ற பாத்திரங்களை இழுத்துவந்து ஒரே மேடையில் மோதவிடுவார்கள். அந்த எட்டுத் திசையும் இதுவரை ஜப்பானுக்குள்ளேயே இருந்தன. அங்கே ஒரு சமையல்காரர் சண்டை போட்டிருக்கிறார். ஒரு பள்ளிக்கூட மணி போட்டிருக்கிறது. ஒரு தபால் பெட்டி வந்து இரண்டு சீசன் தொடர்ந்து ஜெயித்தது. மேற்கில் செய்த பாத்திரம் ஒன்றுகூட உள்ளே நுழைந்ததில்லை.

அது நியாயமா என்று உலகம் முழுக்க இளைஞர்கள் வேலையை விட்டுவிட்டு இணையத்தில் அடித்துக்கொண்டார்கள். 'மேற்கத்தியப் பாத்திரங்களுக்கு அடக்கம் போதாது' என்றது ஒரு கட்சி. 'தபால் பெட்டிக்கு இருந்த அடக்கமா?' என்றது மறு கட்சி. இரண்டு நாட்டு அமைச்சர்கள் கருத்துச் சொன்னார்கள். அதில் ஒருவர் மன்னிப்பும் கேட்டார். கடைசியில் ஒசாகா இறங்கி வந்தது. மேற்கத்தியப் பாத்திரத்துக்கு ஓர் இடம். ஒன்றே ஒன்று. அதற்கு அவர்கள் பார்க்க விரும்பியது ரெக்ஸ் மெக்ராயை.

ஆறரை அடி. கௌபாய் தொப்பி. முறுக்கிய செம்பட்டை மீசை. மார்பில் ஷெரீப் நட்சத்திரம். பிறந்த ஊர் டெக்ஸாஸ் என்று அவன் ஆடும் விளையாட்டை நடத்தும் பிக் மெசா என்ற அமெரிக்கக் கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. உண்மையில் அவன் பிறந்தது பெருங்குடியில், இந்த ஐந்தாவது மாடியில், ஏசி சரியாக வேலை செய்யாத ஒரு ஹாலில். உடம்பெல்லாம் சென்சார் பதித்த கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு, ஒன்பது வருடத்துக்கு முன் தொடங்கி அவனுக்காக உதைத்து, குத்தி, விழுந்து எழுந்தவள் தமயந்தி. பிக் மெசாவின் விளம்பரத்தில் அவள் பெயர் இல்லை. டெக்ஸாஸில் தமயந்தி என்ற பெயர் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை.

கூட்டம் கலைந்ததும் சபேசன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பிரச்சினை தெரியும்ல?"

"எந்தப் பிரச்சினை சார்?"

"அந்தப் பிரச்சினை."

ரெக்ஸ் உதைப்பான். அற்புதமாக உதைப்பான். கால் எதிராளி மேல் பட்ட அடுத்த கணம் குனிவான். விரல் நுனியால் எதிராளியைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வான். பேருந்தில் தெரியாமல் அடுத்தவர்மேல் கால் பட்டுவிட்டால் நாமெல்லாம் யோசிக்காமல் செய்கிற அதே காரியம். பேருந்தில் இதற்கு 'பரவாயில்லை' என்று பதில் வரும். சண்டை மேடையில் தாடையில் குத்து வரும். அதனால் ரெக்ஸ் தரவரிசைப் பட்டியலின் அடியில் நிரந்தரமாகக் குடியிருந்தான்.

இது என்ன சைகை என்று ஆரம்பத்திலேயே அமெரிக்காவிலிருந்து கேட்டார்கள். 'டெக்ஸாஸ் பண்ணைகளின் பழைய வழக்கம்' என்று சபேசன் கூசாமல் பதில் அனுப்பினார். அமெரிக்கர்கள் புல்லரித்துப் போனார்கள். அதை வைத்து போஸ்டர் அடித்தார்கள். யாரோ அதில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

"எல்லாம் உன்னால வந்தது," என்றார் சபேசன். "நீ கராத்தே சாம்பியன்னு சொல்லித்தானே எடுத்தோம்?"

"சாம்பியன் இல்ல சார். தேசியப் போட்டில அரையிறுதி. அங்கயும் இதனாலதான் தோத்தேன். உதைச்சுட்டுத் தொட்டுக் கும்பிட்டேன், அந்தப் பொண்ணு மூக்குல குத்திட்டா."

"பெருமையா வேற சொல்ற. பதிவு பண்ணும்போதே அடக்கியிருக்கக் கூடாதா?"

"தும்மலை அடக்குவீங்களா சார்? கால் பட்டா கை தானா போகுது."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. லேப்ல பேசிட்டேன். ரெக்ஸ் மனசுல அந்த ஒரு இடத்தை மட்டும் அறுத்து எடுத்துடலாம்கறாங்க."

தமயந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதுங்க பழைய காலத்துப் பொம்மையா சார், ஒரு வரியை மாத்தி எழுதிட்டுப் போறதுக்கு? விளையாடி விளையாடி அதுவாக் கத்துக்கிட்டு வளர்ந்த மனசு. அதுல 'அந்த ஒரு இடம்'னு எங்க இருக்கு? போன வருஷம் அந்தக் கனடா கரடிக்குக் கோபத்தை மட்டும் எடுக்கறேன்னு எடுத்தீங்க. இப்ப அது என்ன பண்ணுது?"

"அமைதியா இருக்கு."

"சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கு. வாடா, போடான்னா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

"அதைத்தான் நான் அமைதின்னு சொல்றேன்." சபேசன் குரலைத் தாழ்த்தினார். "இத பாரும்மா. பிக் மெசா மாசக் கடைசில கடையைக் கட்டுது. விளையாட்டு இல்லாத பாத்திரத்தை ஓடவிடக் கூடாதுங்கறது சட்டம். நிறுத்தி வெச்சா மனசு கெட்டுப்போகும், காப்பி எடுத்தா அது வேற ஆளாயிடும். ஒசாகா எடுத்துக்கிட்டா ரெக்ஸ் இருப்பான். இல்லன்னா அணைக்கணும். அணைக்கறது நல்லதா, அறுக்கறது நல்லதா? நீயே சொல்லு."

கருணையுள்ள மனிதர். இரண்டு வழி கொடுத்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க," என்றாள் தமயந்தி. "நானே சொல்லித்தரேன். விட்டுடுவான்."

"விடலன்னா?"

"விட்டுடுவான் சார்."

அவளுடைய முழங்கால் நான்கு வருடம் முன்பே கைவிட்டிருந்தது. மாடிப்படியைப் பார்த்தாலே அது முனகும். சுழன்று திரும்பி, எதிராளியின் தோளுயரத்துக்கு எழும்பும் அவளுடைய உதை இப்போது உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. அதற்கு மீசை இருந்தது, தொப்பி இருந்தது.

ஹாலில் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் ஆள் உயரத்தைத் தாண்டிய உயரத்தில் ரெக்ஸ் நின்றிருந்தான்.

"சாப்ட்டியாக்கா?"

"முதல்ல அதை நிறுத்து. அமெரிக்காக்காரன் பாக்கறவங்களை எல்லாம் சாப்ட்டியான்னு கேக்க மாட்டான்."

"பின்ன எப்படிப் பேச்சை ஆரம்பிப்பான்?"

"வெயில், மழைன்னு ஏதாவது பேசுவான்."

"வெயில்தான். அதுல பேச என்னக்கா இருக்கு?"

"அந்தப் பயிற்சிப் பொம்மையை உதை," என்றாள்.

உதைத்தான். கட்டடமே அதிர்வது போல ஸ்பீக்கர் முழங்கியது. உடனே குனிந்தான், தொட்டான், கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"டேய்!"

"கால் பட்டுச்சேக்கா."

"உதைக்கறதுன்னா கால் படத்தான்டா செய்யும்! அதுதான் உதை!"

"தெரியுது. கையால குத்தினா ஒண்ணும் தோணல. கால்னாதான் ஒரு மாதிரி இருக்கு."

"எதிர்ல நிக்கறவன் உன்னைக் கொல்ல வர்றான். அவனுக்கு என்ன மரியாதை?"

"அவன் வர்றது அவன் வேலை. அதுக்காக நாம மரியாதை இல்லாம உதைக்க முடியுமா?"

இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல டெக்ஸாஸில் ஒரு ஷெரீப்பைத் தேடிப் பிடிப்பது கடினம். தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தாள். ஒன்பது வருடத்தில் அவனிடம் சொன்னதில்லை.

"ரெக்ஸ், வியாழக்கிழமை ஜப்பான்லேர்ந்து வர்றாங்க. நீ இதைச் செஞ்சா உன்னை எடுத்துக்க மாட்டாங்க. எடுத்துக்கலன்னா இந்த மாசத்தோட உன்னை அணைச்சிடுவாங்க."

ரெக்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அணைச்சா வலிக்குமாக்கா?"

"தெரியாதுடா."

"உனக்கு?"

அவள் முழங்கால் பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். ஏற்கெனவே சரியாகத்தான் கட்டியிருந்தாள்.

"சரி, விடு," என்றான் ரெக்ஸ். "கையை எங்கயாவது செருகி வெச்சுக்கறேன். பொம்மையை நிறுத்து."

அன்றும் மறுநாளும் பழகினார்கள். உதைப்பதற்கு முன்பே இரண்டு கட்டைவிரலையும் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. கை பெல்ட்டில் துடிக்கும். மீசை துடிக்கும். ஆனால் குனிய மாட்டான். எட்டிப் பார்த்த சபேசன் பரவசமடைந்தார்.

"ஆஹா! பெல்ட்ல கை! இப்பதான்யா அசல் கௌபாய் மாதிரி இருக்கான்!"

வியாழக்கிழமை மொரிஷிதா அம்மையார் வந்தார். அறுபது வயதிருக்கும். சின்னப் பெட்டி, சாம்பல் நிறக் கோட்டு, சிரிப்பதற்கென்று எந்த ஏற்பாடும் இல்லாத முகம். அவர் ஜப்பானிய மொழியில் பேசப்பேச, சட்டையில் குத்தியிருந்த மொழிபெயர்ப்புக் கருவி தமிழில் சொல்லியது. அந்தக் கருவிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் பட்டிமன்ற நடுவர்களாக இருக்க வேண்டும்.

"தங்கள் வரவேற்பில் உளம் மகிழ்ந்தேன். மேற்கத்திய வீரனைக் காண விழைகிறேன்."

"காட்டறோம் மேடம், காட்டறோம்," என்றார் சபேசன். "அசல் டெக்ஸாஸ். ஒரு சொட்டுக் கலப்பு கிடையாது."

எதிரே மோதுவதற்கு ஷிராகி ஒசாகாவிலிருந்து இணைப்பில் வந்தான். ஹப்போவின் நாயகன். வெள்ளை உடை, பின்னால் கட்டிய முடி. ஜப்பானில் நூடுல்ஸ் பாக்கெட்டிலிருந்து ரயில் வரைக்கும் அவன் படம் இருக்கும். ஜப்பானின் ஆன்மா என்று அவனை அவர்கள் சொல்வதில் மிகை இல்லை. குறைந்தபட்சம் நூடுல்ஸின் ஆன்மா.

முதல் சுற்று தொடங்கியது. ஷிராகியின் கைகள் மின்னல் போல வந்தன. உள்ளங்கை, முழங்கை, தோள். ரெக்ஸ் வாங்கிக்கொண்டான், விலகினான், சுழன்றான். கட்டைவிரல் பெல்ட்டுக்குப் போயிற்று. உதை விழுந்தது. ஷிராகி தள்ளாடினான். ரெக்ஸ் குனியவில்லை. அந்த அரை நொடித் தாமதம் இல்லாத ரெக்ஸை யாரும் அதுவரை பார்த்ததில்லை. மறுபடி உதை. மறுபடி. உலகத்தின் கடைசி இடத்துக்காரன் ஜப்பானின் ஆன்மாவைச் சுவரோரம் தள்ளிச் சாய்த்துவிட்டான்.

சபேசன் கைக்குட்டையால் முகம் துடைத்தார். ஆனந்த வியர்வை.

"மேற்கத்தியத் தன்மை நன்கு புலப்படுகின்றது," என்றது மொரிஷிதாவின் சட்டை. "வலிமை உளது. பணிவு இலது. எங்கள் மன்றம் எதிர்நோக்கியது இதுவே."

"ரொம்பத் தேங்க்ஸ் மேடம்!" என்றார் சபேசன். திட்டு வாங்கினாரா, பாராட்டு வாங்கினாரா என்று அவர் ஆராயவில்லை.

தமயந்தி ரெக்ஸைப் பார்த்தாள். ஜெயித்தவன் முகமாக இல்லை. எச்சில் துப்ப இடம் தேடுகிறவன் மாதிரி நின்றான்.

இரண்டாவது சுற்று. ஷிராகி இந்த முறை தாழ்ந்து பாய்ந்தான். ரெக்ஸின் கால் ஏற்கெனவே கிளம்பிவிட்டது. தோளுக்குப் போக வேண்டிய உதை, தாழ்ந்து வந்த ஷிராகியின் தலையில் விழுந்தது. ஷிராகி சுருண்டு விழுந்தான்.

ரெக்ஸ் உறைந்து நின்றான். கட்டைவிரல்கள் பெல்ட்டைக் கிழித்துவிடுவது போல இழுத்தன.

"வேணாம்டா," என்று தமயந்தி வாய்க்குள் முணுமுணுத்தாள். "வேணாம், வேணாம்."

"அக்கா, தலைல பட்டுடுச்சுக்கா!"

ஸ்பீக்கரில், ஹால் முழுக்க, நல்ல தமிழில்.

"டெக்ஸாஸ் வட்டார வழக்கு," என்றார் சபேசன் அவசரமாக.

ரெக்ஸ் மண்டியிட்டான். இரண்டு கையாலும் ஷிராகியின் தோளைத் தொட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். இரண்டு நாள் அடக்கி வைத்ததற்கும் சேர்த்து மூன்று முறை. ஷிராகி அடிக்க வேண்டிய தருணம் அது. நூறு வீரர்கள் ரெக்ஸின் தாடையை உடைத்த தருணம்.

ஷிராகி அடிக்கவில்லை. பாதி எழுந்தான். ரெக்ஸின் கையைச் சட்டென்று பிடித்துத் தடுத்தான். 'அட, பரவாயில்லை' என்பது போலத் தலையை ஆட்டினான். பிறகு தன் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

அதற்குப் பிறகு சண்டை நடக்கவில்லை. நீங்க முதல்ல அடிங்க என்பது போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் முடிந்து மணி அடித்தது.

"சின்னத் தொழில்நுட்பக் கோளாறு மேடம்," என்றார் சபேசன். குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது. "ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா அறுத்து… சரிபண்ணிடுவோம்."

மொரிஷிதா அவரைப் பார்க்கவில்லை. "இவனுக்கு உடல் ஈந்தவர் யார்?"

"டெக்ஸாஸ்ல ஒரு…"

"நான்தான்," என்றாள் தமயந்தி.

"மற்றையோர் வெளியேறுக."

சபேசன் மற்றையோர் ஆனார். கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால் நின்று தமயந்தியைப் பார்த்துக் கைகூப்பினார். எதற்கு என்று புரியவில்லை, அவருக்கே புரிந்திருக்காது.

"அம்மையே, எங்கள் விதி எளியது," என்றார் மொரிஷிதா. "அந்த ஓர் இடம் மேற்கில் உருவானவர்க்கே உரியது. இவன் மேற்கத்தியன் அல்லன். ஆகவே ஏற்பதற்கில்லை."

"அவன் மேற்கத்தியனா இருந்தா பணிவில்லன்னு சொல்வீங்க. பணிவா இருந்தா மேற்கத்தியன் இல்லம்பீங்க."

"ஆம். விதிகள் அவ்வாறே இயற்றப்படுகின்றன."

தமயந்திக்குப் பயம் போய்விட்டது. பயத்துக்கு இனி வேலை இல்லை. "ஒண்ணு கேக்கலாமா? உங்க ஷிராகியை யார் செஞ்சது?"

"ஷிராகி தூய ஜப்பானியப் படைப்பு."

"ஜப்பான்காரனா இருந்தா இடுப்பை வளைச்சு வணங்கியிருப்பான். நான் படத்துல எவ்வளவு பாத்திருக்கேன். இவன் கையைப் பிடிச்சான். பரவால்லன்னு தலையாட்டினான். அப்புறம் தன் கண்ல ஒத்திக்கிட்டான். எங்க ஊர் பஸ்ல நின்னு வராதவனுக்கு அது வராதும்மா. யாரு அவரு?"

மொரிஷிதா மூடிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பட்டுக்கோட்டை," என்றார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. "எங்கள் நிறுவனத்தில் பொறியாளர். நல்ல உயரம். முதற்பதிவு நாளில் வரவேண்டிய நடிகருக்குக் காய்ச்சல்."

"ஜப்பானின் ஆன்மா."

"நூடுல்ஸ் நிறுவனத்தாரிடம் தாங்கள் இதனைக் கூறலாகாது."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். ரெக்ஸும் ஷிராகியும் மேடையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ரெக்ஸ் ஏதோ கேட்டான். ஷிராகி வயிற்றைத் தடவிக்காட்டித் தலையாட்டினான்.

"இந்தச் சண்டையை உலகு முழுதும் கண்டுவிட்டது. நேரடி ஒளிபரப்பு; காட்சி மட்டும், ஒலி இலது," என்றார் மொரிஷிதா. "ஷிராகி இச்சைகையை எங்குக் கற்றான் என்று நாளை வினவுவர். எமக்கு ஒரு விடை வேண்டும்."

தமயந்திக்கு மெல்லப் புரிந்தது. "ரெக்ஸ்கிட்டேர்ந்து கத்துக்கிட்டான்னு சொல்லிடுவீங்க."

"டெக்ஸாஸ் பண்ணைகளின் தொன்மையான வழக்கம். அதனை எம் வீரன் பெருந்தன்மையுடன் ஏற்றான். பல்கலைக்கழக ஆய்வும் உளது என்று அறிகிறேன்."

"அதுக்கு ரெக்ஸ் டெக்ஸாஸ்காரனா இருந்தாகணும்."

"இனி அவன் ஐயமின்றி டெக்ஸாஸ்காரன். ஹப்போவில் அவனுக்கு இடம் உண்டு. தங்கள் பெயர் எங்கும் வாராது. பொறுத்தருள்க."

"எப்பவுமே வந்ததில்லம்மா. அது எனக்குப் பழகிப்போச்சு."

கண்ணாடிக்கு வெளியே சபேசன் இருவர் முகத்தையும் படிக்க முயன்றார். மொரிஷிதா அவரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்ததும், பொத்தானை அழுத்த ஓடினார். அபாயச் சங்கு அலறியது.

சங்கு ஓயும்வரை தமயந்தி காத்திருந்தாள். கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. பதில் எப்படி வந்தாலும் அதைக் கேட்காமல் ரெக்ஸை அனுப்ப முடியாது.

"அங்க கொண்டுபோனதும் அவன் மனசுல அதை அறுத்து எடுத்துடுவீங்களாம்மா? உதைச்சா தொட்டுக் கும்பிடறதை?"

மொரிஷிதா பெட்டியை எடுத்தார். திரையிலிருந்த ஷிராகியின் பக்கம் திரும்பி, அவன் மடித்து வைத்திருந்த கால்களைப் பார்த்தார்.

"மாட்டோம், அம்மையே. இவனிடம் ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம். இத்தனை ஆண்டுகளில் ஷிராகி ஏன் ஒருவரையும் உதைத்ததே இல்லை என்று நினைக்கிறீர்கள்?"